ஒரு மோதிரமும் ஒரு நாத்தனாரும்

இரண்டு பெண்கள். இருவர் இடதுகையிலும் மோதிர விரலில் ஒரே மாதிரி மோதிரம். எப்போது போட்டார்கள், யார் போட்டுவிட்டார்கள், எதற்காக, எதுவும் சொல்லப்படவில்லை. முத்தம் இல்லை, மாலை இல்லை, ‘கல்யாணம்’ என்ற சொல்லும் இல்லை. ஆனால் ஒரு நாத்தனார் இருக்கிறாள். உடம்பில்லாத நாத்தனார், சாவிக்கொத்தில் தொங்கும் ஒரு சின்னப் பொம்மைக்குள்ளிருந்து பேசுகிறவள். அந்த இருவரில் ஒருத்தி அவளை நாத்தனார் என்றே சொல்லிச் சலித்துக்கொள்கிறாள்.

2023 ஜூலை 2-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, ஜப்பானில் மாலை ஐந்து மணி ஒளிபரப்போடு முடிந்த ‘மொபைல் சூட் கண்டம்: தி விட்ச் ஃப்ரம் மெர்குரி’ தொடரின் கடைசி நிமிடங்கள் இவை. (தமிழில் எழுதினால் ஜாதகத்தில் வரும் கண்டம் மாதிரி இருக்கிறது. வேறு வழியில்லை.) உலகமெங்கும் இதைப் பார்த்தவர்கள் படத்தை நிறுத்தி, பெரிதாக்கி, எந்த விரல், எந்தக் கை என்று ஆராய்ந்தார்கள். நான் ஆராயவில்லை. எனக்கு அந்த நாத்தனாரே போதும். மோதிரத்தை அழகுக்குப் போட்டது என்று சொல்லிவிடலாம். நாத்தனாரை அப்படிச் சொல்ல முடியாது. யாராவது யாரையாவது கட்டிக்கொண்டால்தான் நாத்தனார் வருவாள்.

கண்டம் என்பது 1979-இல் தொடங்கிய கதைமரபு. மனிதர் உள்ளே உட்கார்ந்து ஓட்டும் பிரம்மாண்டமான இயந்திரங்கள், விண்வெளிப் போர்கள், போரில் சிதையும் சின்ன வயசுக்காரர்கள். முதல் தொடர் ஒளிபரப்பானபோது பார்க்க ஆளில்லை என்று 52 அத்தியாயங்களை 43-இல் வெட்டி முடித்தார்கள். அப்புறம் அதன் பிளாஸ்டிக் பொம்மைகள் விற்ற விற்பனையில்தான் அந்தப் பெயர் பிழைத்து இன்றுவரை ஓடுகிறது. இத்தனை வருஷத்தில் ஒரு தொலைக்காட்சித் தொடர் முழுவதற்கும் ஒரு பெண்ணை நாயகியாக வைத்து, அவளிடம் இயந்திரத்தைக் கொடுத்தது இதுதான் முதல்முறை. பெயர் சுலேட்டா. புதன் கிரகத்திலிருந்து வந்து பள்ளியில் சேர்கிற, திக்கித் திக்கிப் பேசுகிற, அம்மா சொல்வதே வேதமென்று நம்புகிற பெண்.

அந்தப் பள்ளியில் மாணவர்கள் இயந்திரங்களை ஏறிச் சண்டை போடுவார்கள். கடைசியாக ஜெயித்தவன் யாரோ அவனுக்கு மியோரினே என்ற பெண்ணைக் கட்டிக்கொடுப்பது என்று விதி. விதியை வகுத்தவர் அவளுடைய அப்பா. பெரிய கம்பெனிக் கூட்டமைப்பின் தலைவர். மகளோடு சேர்ந்து கம்பெனியும் போகும். எங்கள் பக்கத்துக் கல்யாணப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது விண்வெளிக் கதையே இல்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் மகனுக்குக் கொடுத்தால் வரப்பை எடுத்துவிடலாம் என்று கணக்குப் போடுவதும், பவுன் எத்தனை, கார் என்ன வண்டி என்று எழுதி முடிப்பதும் இதேதான், ராக்கெட்டு மட்டும் இல்லை. முதல் அத்தியாயத்திலேயே சுலேட்டா தெரியாத்தனமாகச் சண்டைக்கு இறங்கி ஜெயித்துவிடுகிறாள். ‘நானும் பெண்ணாயிற்றே’ என்று திகைக்கிறாள். அதனாலென்ன, இங்கெல்லாம் அது சாதாரணம் என்கிற மாதிரி மியோரினே சொல்கிறாள். 1997-இல் வந்த ‘புரட்சிப்பெண் உடெனா’ தொடரைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று பிடிபட்டிருக்கும். அதிலும் வாட்சண்டை, அதிலும் ஜெயித்தவருக்கு ஒரு பெண் பரிசு, அதிலும் ஜெயிப்பவள் ஒரு பெண். உடெனாவை நாவலாக எழுதிய இசிரோ ஒகோச்சிதான் இந்தத் தொடரின் கதையமைப்பாளர்.

எங்கள் வீட்டுக்குள் இதைக் கொண்டுவந்தவள் என்னோடு இருப்பவள். இப்படித்தான் சொல்லிப் பழக்கம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். அவள் கணபதியில் ஒரு பட்டறையில் சிஎன்சி எந்திரங்களுக்கு நிரல் எழுதுகிறாள். மோட்டார் பம்ப் உதிரிகள் செய்கிற இடம். ராத்திரி வந்து கைகழுவிவிட்டு, கண்டம் பொம்மையின் துண்டுகளைச் சட்டத்திலிருந்து சின்னக் கட்டரால் வெட்டியெடுத்து, வெட்டின வடுவை உப்புத்தாளால் தேய்த்துப் பூட்டுவாள். பசை வேண்டாம், பூச்சு வேண்டாம், ஒன்றோடு ஒன்று அமர்ந்துகொள்ளும். ‘இந்த அச்சை வெட்டுனவன் கையைக் கும்பிடணும்’ என்பாள். கதை பிற்பாடுதான் வந்தது. அச்சைப் பார்த்துப் பொம்மை, பொம்மையைப் பார்த்துக் கதை.

கடைசி அத்தியாயம் வந்த அன்று, பார்த்தவர்கள் புதுமணத் தம்பதிக்குச் சொல்வதுபோல வாழ்த்துச் சொன்னார்கள். அழுதோம் என்றார்கள். கூடவே குறைகளும். ஆணும் பெண்ணுமாக இருந்திருந்தால் ஒரு முத்தமாவது காட்டியிருக்க மாட்டார்களா என்பது ஒன்று. நியாயமான கேள்வி. மூன்று வருஷத்தை ஒரே தாவாகத் தாவிவிட்டார்கள், அவசரமாக முடித்துவிட்டார்கள் என்பது இன்னொன்று. அதுவும் உண்மைதான், 24 அத்தியாயத்தில் அடங்குகிற சரக்கு இல்லை. இந்தக் கோபமெல்லாம் சாதுவானது. 1996-இல் ‘நியான் ஜெனசிஸ் இவாஞ்செலியன்’ முடிந்தபோது பார்த்தவர்கள் இயக்குநர் ஹிடெயாகி அன்னோவைக் கொன்றுவிடுவதாகவே எழுதினார்கள். அவர் அடுத்த வருஷம் எடுத்த முடிவுப் படத்தில் அந்த மிரட்டல்களையே திரையில் காட்டினார். ரோபோ சண்டையைக் கேட்டால் ஒரு பையனின் மனசைக் காட்டுகிறாயே என்று அவர்களுக்குக் கோபம்.

எனக்கு இருந்த குறை வேறு. அம்மாக்காரி பற்றியது.

சுலேட்டாவின் அம்மா ப்ராஸ்பெரா. மூத்த மகள் எரிக்ட்டின் உடம்பு பிழைக்காது என்றானபோது அவள் உயிரை ஏரியல் என்ற இயந்திரத்துக்குள் ஏற்றுகிறாள். அந்த மகளுக்கு வாழ ஓர் உலகம் செய்துகொடுக்க வேண்டும். அந்த வேலைக்குச் சாவியாக, மூத்தவளின் மரபணுவிலிருந்து உண்டாக்கிய பிள்ளைதான் சுலேட்டா. 2023 ஜனவரி 8-ஆம் தேதி வந்த முதல் பாகத்தின் கடைசி அத்தியாயத்தில் இந்த அம்மா மகளிடம் நிதானமாக, பிரியமாகப் பேசுகிறாள். பேசி முடித்ததும் மகள் போய், மியோரினேவைக் கொல்ல வந்தவனை இயந்திரக் கையால் ஈயை அடிப்பதுபோல நசுக்குகிறாள். ரத்தத்தில் நனைந்து, சிரித்துக்கொண்டு, அவளிடம் கை நீட்டுகிறாள். பார்த்தவர்கள் உறைந்துபோய் மூன்று மாதம் காத்திருந்தார்கள். நான் உறைந்தது ரத்தத்துக்கு அல்ல. அந்தச் சிரிப்புக்கு. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்துவிட்டு ‘அம்மா திட்ட மாட்டாள்’ என்று நிம்மதியாகச் சிரிக்கிற சிரிப்பு அது. பிளஸ் டூவில் எந்தப் பாடம் எடுப்பது, எந்தக் காலேஜ், எந்தச் சுடிதார், யாரோடு பேசுவது என்று ஒவ்வொன்றுக்கும் அம்மா முகத்தைப் பார்த்து வளர்ந்த பெண்களுக்கு அந்தச் சிரிப்பு தெரியும். அம்மாவை எதிர்த்துப் பேசத் தெரியாத பெண்ணுக்குப் பத்தாள் உயர இயந்திரத்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதுதான் முதல் பாகம்.

கடைசியில் அந்த அம்மாவுக்குத் தண்டனை இல்லை. மகள்கள் அவளை மன்னித்துக் கூடவே வைத்துக்கொள்கிறார்கள். இதை வைத்து எங்களுக்குள் ஒரு வாரம் சண்டை. அவள் சொன்னாள்: ‘மன்னிக்கலை. விட்டுட்டுப் போகலை, அவ்வளவுதான். ரெண்டும் ஒண்ணா?’ நான் ஒன்றுதான் என்றேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். பிள்ளையை ஆயுதமாக வளர்த்தவளுக்குப் பிள்ளையே கடைசியில் தாதியாவது என்பது பெண்களிடம் மட்டுமே எதிர்பார்க்கப்படுகிற முடிவு. எந்த மகனாவது அதைச் செய்கிற கதை இருந்தால் சொல்லுங்கள், பார்க்கிறேன்.

இதெல்லாம் கதைக்குள் நடந்த தகராறு. கதைக்கு வெளியே நடந்தது ஜூலை மாதக் கடைசியில்.

ஜூலை 26-ஆம் தேதி ‘கண்டம் ஏஸ்’ என்ற மாத இதழ் வந்தது. சுலேட்டாவுக்குக் குரல் கொடுத்த கானா இச்சினோசேயின் பேட்டி அதில் இருந்தது. அந்த இருவரும் கல்யாணம் செய்துகொண்டவர்கள் என்று ஓரிடத்தில் வருகிறது. அச்சிதழில் அப்படி இருந்தது. மின்னிதழில் ‘கல்யாணம்’ என்ற சொல் காணாமல்போயிருந்தது. பார்த்தவர்கள் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டினார்கள். 30-ஆம் தேதி தொடரின் அதிகாரப்பூர்வ தளத்தில் விளக்கம் வந்தது: அந்தச் சொல் இதழாசிரியர் தரப்பின் ஊகம், படைப்பைப் பார்க்கிறவர்கள் தங்கள் தங்கள் போக்கில் பொருள் கொள்ளட்டும் என்பதே எங்கள் விருப்பம். சாராம்சம் அவ்வளவுதான்.

நான் பிழைப்புக்கு மெய்ப்புத் திருத்துகிறவள். சின்னப் பதிப்பகங்களுக்கும் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகங்களுக்கும். அச்சுக்குப் போன பிறகு ஒரு சொல்லை எடுப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஒற்று மிகுந்தால் யாரும் எடுக்கச் சொல்ல மாட்டார்கள், அது இருந்துவிட்டுப் போகும். ஆண்டு தவறாக இருந்தால் பின்னிணைப்பில் திருத்தம் போடுவார்கள். அச்சான பிறகும் துரத்திப் பிடித்து எடுக்கிற சொல் என்பது யாரோ ஒருவருக்குப் பயம் தரும் சொல்தான். 

என்ன பயம்? ஜப்பானில் ஒரே பாலினத்தவர் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு இல்லை. ஆனால் கதவு தட்டப்படுகிறது. 2021 மார்ச்சில் சப்போரோ மாவட்ட நீதிமன்றம், அப்படி ஏற்காமல் இருப்பது அரசியல் சாசனத்துக்கு முரண் என்றது. இந்தத் தொடர் ஓடிக்கொண்டிருந்த 2023 மே 30-ஆம் தேதி நகோயா நீதிமன்றமும் அதையே சொன்னது. அரசாங்கம் ஜூனில் ‘புரிந்துணர்வை வளர்க்கும்’ சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. புரிந்துகொள்ளலாம், கட்டிக்கொள்ளக் கூடாது. ஊர் ஊராகப் பொம்மை விற்கிற கம்பெனிக்கு அந்த நேரத்தில் ‘கல்யாணம்’ என்ற சொல் சரக்குப்பெட்டி மேல் ஒட்டிய அபாயச் சீட்டு மாதிரி தெரிந்திருக்க வேண்டும். இது என் ஊகம்தான், இதழாசிரியரின் ஊகம்போல. ஆனால் வாழ்த்துச் சொல்லி அழுதவர்கள் ஜப்பானிலும் வெளியிலும் கொதித்தது அந்த அறிக்கைக்குத்தான். முத்தம் இல்லாததைப் பொறுத்துக்கொண்டவர்களால், கொடுத்ததைத் திரும்ப வாங்கியதைப் பொறுக்க முடியவில்லை.

‘பார்க்கிறவர்கள் போக்கில் பொருள் கொள்ளட்டும்.’ இந்த வாக்கியத்தில்தான் நாங்கள் இருவரும் குடியிருக்கிறோம்.

சாயிபாபா காலனிப் பக்கம் மாடி வீடு. கீழே வீட்டுக்காரர். ‘ரெண்டும் வேலைக்குப் போற புள்ளைங்க, வம்பு தும்பு கெடையாதுங்க’ என்று அவர் பக்கத்து வீட்டாரிடம் சொல்வது மாடிப்படியில் கேட்கும். அவருடைய பொருள்கோள் அது. அதற்கு முன்பு இருந்த வீட்டில் ஒருத்தர் வேறு மாதிரிப் பொருள் கொண்டார், ஒரே வாரத்தில் காலி செய்தோம். என் அம்மா ஊரில் ஒறம்பரைகளிடம் சொல்வது, ‘அதுகூட வேல செய்யற புள்ள, சேந்து ரூம் எடுத்திருக்குதுங்க’. நாங்கள் சேர்ந்து வேலை செய்ததே இல்லை. எட்டு வருஷத்தில் அம்மா அவளைப் பற்றி என்னிடம் நேராகக் கேட்டது ஒரே கேள்வி: ‘அந்தப் புள்ள என்ன ஆளுங்க கண்ணு?’

அதற்குப் பதில் எனக்குத் தெரியும். அவளுடைய வீடு இருப்பது அவிநாசிப் பக்கத்தில் ஒரு ஊரை ஒட்டிய காலனியில். என்னுடையது ஊருக்குள், தோட்டத்தில். ‘தெரியலீங்கம்மா’ என்றேன். அம்மா மேலே கேட்கவில்லை. வந்தால் தட்டில்தான் போடுகிறாள், டம்ளரில்தான் தருகிறாள். எந்தத் தட்டு, எந்த டம்ளர் என்பதை அவளும் நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். மூன்றாவது வருஷம் அது மாறியது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அவள் ஆணாக இருந்திருந்தால்? திருச்செங்கோட்டில் மலை மேல் இருப்பவர் பாதி பெண்ணும் பாதி ஆணுமான அர்த்தநாரீஸ்வரர். 2015 ஜூனில் அந்தக் கோயிலில் ஒரு கவுண்டர் வீட்டுப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்ததற்காகத்தான் கோகுல்ராஜைக் கொண்டுபோய்க் கொன்றார்கள். அடுத்த வருஷம் மார்ச் 13-ஆம் தேதி, பட்டப்பகலில், உடுமலைப்பேட்டைக் கடைத்தெருவில் சங்கரை வெட்டினார்கள். கௌசல்யாவையும்தான் வெட்டினார்கள், அவர் பிழைத்தார். இந்த மண்ணில் இரண்டு பெண்கள் ஒரு வீட்டில் இருப்பதைப் பார்த்து ‘ரூம்மேட்’ என்று பொருள் கொள்கிறார்களே, அந்த அறியாமைதான் எங்களுக்குக் கூரை. அதை நானாகப் பிரித்துப்போட மாட்டேன். ஆனால் உயிருக்கு அஞ்சி நாங்கள் சொல்லாமல் விடுவதும், வியாபாரத்துக்கு அஞ்சி ஒரு கம்பெனி சொன்னதை அழிப்பதும் ஒரே மௌனம் இல்லை. கம்பெனியை யாரும் காலி செய்யச் சொல்லப்போவதில்லை.

அந்தத் தொடரின் இரண்டாம் பாகம் ஏப்ரல் 9-இல் தொடங்கியது. ஒன்பது நாள் கழித்து, ஏப்ரல் 18-ஆம் தேதி, டெல்லியில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் முன்னால் நம் ஊர்க் கல்யாண வழக்கு தொடங்கியது. மே 11 வரை பத்து நாள் விசாரணை, நேரலையாகக் காட்டினார்கள். வாரநாளில் நீதிமன்றம், ஞாயிற்றுக்கிழமை ரோபோ. அவள் ஓவர்டைம் இருந்த நாளில் நான் கேட்டதைச் சோறு போடும்போது சொல்வேன். அக்டோபர் 17-இல் தீர்ப்பு வந்தது. திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை இல்லை என்பதில் ஐவருக்கும் ஒரே கருத்து. கல்யாணம் இல்லாத வேறு வகைச் சட்ட ஏற்பாவது உண்டா என்பதில் மூன்றுக்கு இரண்டு என்று தோற்றோம்.

இதில் எனக்கு ஆறாத இடம் ஒன்று உண்டு. 1967-இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, சுயமரியாதைக் கல்யாணங்கள் செல்லும் என்று தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. ஐயர் வேண்டாம், தீ வேண்டாம். மாலை மாற்றலாம், அல்லது தாலி கட்டலாம், அல்லது ஒருவர் விரலில் ஒருவர் மோதிரம் போடலாம். எந்த விரலானாலும் சரி. எந்த இரண்டு இந்துக்களுக்கு இடையிலும் என்று தொடங்குகிறது அந்தப் பிரிவு. பிறகு கணவன், மனைவி என்று வந்து கதவைச் சாத்துகிறது. சுலேட்டா கதை முடிந்த இரண்டாம் மாதம், ஆகஸ்ட் 28-ஆம் தேதி, இந்த 7-ஏ கல்யாணத்தை ஊரறியச் செய்ய வேண்டும் என்று கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வீட்டாருக்குப் பயந்து ஓடிவருகிறவர்களை நினைத்துச் சொன்ன தீர்ப்பு. நான்கு சுவருக்குள், நண்பர்கள் முன்னால், ஒரு மோதிரம். பார்த்தவர்கள் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடின அதே மோதிரம். தமிழ்நாட்டில் அது அலங்காரம் இல்லை, சட்டப்படி சடங்கு. எங்கள் இருவரையும் தவிர மற்றவர்களுக்கு.

‘உனக்கு எதுக்கு அந்தச் சொல்லு?’ என்று அவள் கேட்டாள். அவளுக்கு அறிக்கை வந்தபோதும் கோபம் இல்லை. மோதிரத்தைப் படத்திலிருந்து அழிக்கவில்லையே, அச்சு அச்சாகத்தானே இருக்கிறது என்றாள். கல்யாணம் என்ற சடங்கே அவளுக்கு ஆகாது. அவளுடைய அக்கா கல்யாணக் கடனைக் கட்டத்தான் பதினெட்டு வயதில் மில்லுக்குப் போனாள். எனக்கும் கல்யாணத்தின் மேல் பெரிய மரியாதை இல்லை, பெண்ணியம் பேசுகிறவளுக்கு இருக்கவும் முடியாது. ஆனால் ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட ‘சொந்தக்காரங்க யாருங்க?’ என்று கேட்பார்கள். அவளுக்குக் குடல்வால் அறுவை நடந்தபோது கேட்டார்கள். அவிநாசியிலிருந்து அவளுடைய தம்பி வந்து சேர இரண்டு மணி நேரம் ஆனது. அந்த இரண்டு மணி நேரத்துக்கு எனக்கு ஒரு சொல் தேவைப்பட்டது.

2025 மே 22-இல் சென்னை உயர் நீதிமன்றம், பெற்றோர் பிடித்து வைத்திருந்த 25 வயதுப் பெண்ணை அவள் விருப்பப்படி விட்டது. ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு. குடும்பம் அமைக்கக் கல்யாணம் ஒன்றே வழியில்லை, தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்றார்கள். அதைப் படித்துக் காட்டியபோது, ‘பாத்தியா’ என்று மட்டும் சொன்னாள் அவள்.

என் அண்ணன் கல்யாணத்தில் இணைச்சீர் செய்தவள் நான். மாப்பிள்ளையின் தங்கையோ அக்காளோ அவனுக்கு இணையாக நின்று செய்கிற சீர் அது. கூடப்பிறந்தவள் இல்லாவிட்டால் பங்காளி வீட்டுப் பெண்ணையாவது கூப்பிட்டுச் செய்வார்கள். எங்கள் சாதிக் கல்யாணத்தில் நாத்தனார் என்பவள் பேச்சுக்கு வருகிற உறவு அல்ல, அவள் நிற்காமல் சீர் நடக்காது. அதனால்தானோ என்னவோ, சாவிக்கொத்துப் பொம்மை பேசியதும் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அண்ணன் மகளுக்கு இந்தத் தை மாதம் காதுகுத்து. பத்திரிகையை அச்சகத்தில் கொடுக்கும் முன்னால் நங்கையா எனக்கு அனுப்பினாள், பிழை பார்த்துக் கொடுக்கச் சொல்லி. மேலே குலதெய்வம், கீழே தாத்தா பாட்டி, தாய்மாமன் பெயர்கள். அதற்கும் கீழே ‘அத்தைமார்கள்’ என்று போட்டு இரண்டு பெயர். முதல் பெயர் என்னுடையது. எனக்குக் கூடப்பிறந்தவள் கிடையாது. அண்ணன் ஒருத்தன்தான். இரண்டாவது பெயரில் எழுத்துகூடச் சரியாக இருந்தது.

யார் போட்டது என்று நான் கேட்கவில்லை. பின்னால் அம்மாவின் குரல் கேட்டது, ‘எல்லாஞ் செரியா இருக்குதான்னு கேளு சாமி’ என்று. ‘நல்வரவை’ என்பதில் ஒரு ஒற்று மிகுந்திருந்தது, அதை மட்டும் எடுக்கச் சொன்னேன். இருநூறு போதுமா, முந்நூறாக அடிக்கச் சொல்லலாமா என்று கேட்டாள் நங்கையா.